ஐந்து நிமிடப் படகு

ரிமோட்டில் ஓடும் மாடல் படகு வாங்கினால், பெட்டியின் மேல் ‘முழுமையான கிட்’ என்று அச்சிட்டிருக்கும். திறந்தால் லேசரில் வெட்டிய பிளைவுட் துண்டுகளும் ஒரு வரைபடமும். மோட்டார், பேட்டரி, ரிமோட், பெயின்ட் எல்லாம் தனிச் செலவு. முழுமை என்றது மரத்தைப் பற்றி மட்டும் போலிருக்கிறது.

அடிப்பலகையை ஒட்டும்போது கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலும் படகு நேராக ஓடாது. ஆகவே வீட்டிலுள்ள துணி கிளிப் அத்தனையும் படகைக் கவ்வப் போய்விடும். கொடியில் காயும் சட்டைகள் காற்றின் பொறுப்பு. பிறகு உப்புத்தாள். தேய்ப்பது, எபாக்சி பூசுவது, மறுபடி தேய்ப்பது. தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வரக்கூடாதாம். இவ்வளவும் செய்துவிட்டு, மோட்டார் சூடாகிறதென்று அதே குளத்துத் தண்ணீரைக் குழாய் போட்டு நாமே உள்ளே அழைக்கிறோம்!

பந்தய வேகத்தில் லித்தியம் பாலிமர் பேட்டரி ஐந்து நிமிடம் தாங்கினால் பெரிது. முதல் திருப்பத்திலேயே கவிழ்ந்தால் இழுத்து வர இன்னொரு படகு வேண்டும். (அதற்கும் கிட் விற்கிறார்கள்.)

ரேடியோவால் படகு ஓட்டலாம் என்று 1898-இல் நியூயார்க்கில் கூட்டத்துக்கு நடுவே செய்து காட்டியவர் நிக்கோலா டெஸ்லா. அவருடையது இரும்புப் படகு. மனிதர் விவரமானவர்.