கேள்வி - பதில்: பாட்டிலில் ஒரு டென்னிஸ் வீரர்

நாகப்பட்டினம் வாசகர்: சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் பெயரில் வெள்ளை ஒயின் வந்திருக்கிறதாமே, நிஜமா?

நிஜம்தான். பெங்களூரை அடுத்த நந்தி மலைப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் குரோவர் ஜாம்பா நிறுவனம், அவரைக் கௌரவிக்க அவர் பெயரிலேயே ஒயின் கொண்டுவந்தது. சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. வெள்ளைக்குப் பயன்படுவது வியோனியே என்ற பிரெஞ்சுத் திராட்சை. ரோன் ஆற்றங்கரையில் வேரூன்றிய இந்த ரகம், 1960களில் ஏறக்குறைய அழிந்தே போய்ப் பிழைத்து வந்தது.

கீழ்வேளூர் வாசகர்: விளையாட்டு வீரர் பெயரை மதுவுக்கு வைக்கலாமா?

அவர் சம்மதித்து வைத்த பெயர். அதில் எனக்குச் சண்டை இல்லை. பாட்டிலைத் தெரிந்தவருக்கு அந்த மனிதரைத் தெரியவில்லை என்றால்தான் மனசு ஆறாது. 1973இல், இருபது வயதுகூட நிரம்பாத பையன், விம்பிள்டன் காலிறுதிவரை போனார். அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனில் ராட் லேவரையே வீழ்த்தினார். 1974இல் அவரும் அண்ணன் ஆனந்தும் ஆடிய இந்திய அணி டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்தது. எதிரே தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசு நடத்தும் நாட்டோடு ஆட மாட்டோம் என்று இந்தியா விலகியது. கோப்பை அவர்களுக்குப் போயிற்று. இந்திய டென்னிஸ் இதுவரை தொடாத கோப்பை அது! ஆடாமல் விட்ட அந்த ஆட்டத்தை நான் பெரிய வெற்றியாகவே நினைக்கிறேன். 2024இல் சர்வதேச டென்னிஸ் புகழரங்கில் அவருக்கு இடம் கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

திருக்குவளை வாசகர்: துளி இனிப்பு இல்லாத 'ட்ரை' ஒயின், ஆனால் வாயில் கனமாக நிற்குமாம். அது எப்படி?

பழத்திலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் முழுக்கத் தின்றுவிட்டால் இனிப்பு போய்விடும். லிட்டருக்கு 4 கிராமுக்குள்தான் மிஞ்சும். கனம் வருவது வேறு வழியில். ஓக் பீப்பாயில் புளிக்கவைத்து, அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலோடு மாதக்கணக்கில் விட்டு, அவ்வப்போது கிளறுவார்கள். வண்டல் கரையக் கரைய நாக்கில் ஒரு வழுவழுப்பு சேரும். பச்சைத் தண்ணீரையும் வடிகஞ்சியையும் அடுத்தடுத்துக் குடித்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும். கஞ்சியிலும் இனிப்பு இல்லை. ஆனால் வாய் நிறைகிறது. வியோனியேவுக்கு இயல்பாகவே புளிப்பு குறைவு, ஏப்ரிகாட் பழ மணம் உண்டு. அதனால் இந்தப் பக்குவம் அதற்குப் பொருந்துகிறது.

நாகூர் வாசகர்: ஆள் பெயரை வைப்பதெல்லாம் வெளிநாட்டு வழக்கம்தானே?

உங்கள் பக்கத்து ஊரிலேயே ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சாட்சி இருக்கிறதே! ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரத்துக்குத் தன் தகப்பன் பெயரை வைத்தான்: சூளாமணிவர்ம விகாரம். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊர் தானமானதைச் செப்பேடு சொல்கிறது. நாசிக்கில் 'சூலா' ஒயினைத் தொடங்கிய ராஜீவ் சமந்த், அந்தப் பெயரைத் தாய் சுலபாவின் பெயரிலிருந்து எடுத்தார். தகப்பனுக்கு விகாரம், தாய்க்குத் திராட்சைத் தோட்டம்.

தலைஞாயிறு விவசாயி: நம் வயலில் ஒயின் திராட்சை வருமா?

வேண்டாம். திராட்சைக்கு நீர் தேங்காத மண்ணும், பழுக்கும்போது காய்ந்த வானமும் வேண்டும். நமக்குக் களிமண், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. தேனியில் கம்பம் பள்ளத்தாக்குக்குத் திராட்சைக்கேற்ற மண்ணும் வானமும் வாய்த்திருக்கின்றன. அங்கத்திய பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்தது. உங்களுக்குச் சம்பா போதும்.

வேதாரண்யம் வாசகர்: வெள்ளை ஒயின் அளவாகக் குடித்தால் உடம்புக்கு நல்லதாமே?

மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒயினிலும் இருப்பது அதே ஆல்கஹால்தான். புற்றுநோய்க்கு அது ஒரு காரணம். இதுவரை குடிக்காதவர்கள் இந்தப் பதிலைப் படித்துத் தொடங்காதீர்கள். குடிப்பவர்கள் அன்றைக்கு வண்டிச் சாவியை வீட்டில் கொடுத்துவிடுங்கள்.