அழைத்த நாடே வழியனுப்பிய பொறியாளர்

கேள்வி: மனிதரை நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன் 5 என்றாலே ராக்கெட் பொறியாளர் வெர்னர் ஃபான் பிரவுன் பெயர்தான் காதில் விழுகிறது. ஒரே ஆளா அத்தனை பெரிய ராக்கெட்டைக் கட்டினார்?

பதில்: 110 மீட்டர் உயரமும், ஏறத்தாழ 3,000 டன் எடையும் கொண்ட அந்த ராக்கெட்டின் மூன்று அடுக்குகளையும் போயிங், நார்த் அமெரிக்கன், டக்ளஸ் ஆகிய நிறுவனங்கள் தனித்தனியே செய்துகொடுக்க, அவை குறித்த காலத்தில் வந்து பிசகின்றிப் பொருந்துமாறு 1963 முதல் 1968 வரை பார்த்துக்கொண்ட திட்ட மேலாளர் ஆர்தர் ருடால்ஃப் என்னும் ஜெர்மானியர்.

கேள்வி: ராக்கெட்டே அவருக்குப் பிறந்தநாள் பரிசு தந்ததாமே?

பதில்: ஆம். 1906 நவம்பர் 9 அன்று பிறந்த அவருக்கு 61 வயது நிறைந்த நாளில்தான் சாட்டர்ன் 5 முதன்முதலாகப் பறந்தது.

கேள்வி: இவ்வளவு நிர்வாகத் திறமையை எந்தப் பள்ளியில் கற்றார்?

பதில்: பெர்லினில் திரவ எரிபொருள் எஞ்சின்களோடு தொழிலைத் தொடங்கி, 1931-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்து, பின்னர் பால்டிக் கரையிலுள்ள பேனமுண்டே ஆய்வுத்தளத்தில் வி-2 ஏவுகணையின் உற்பத்திப் பணிக்கு வந்த ருடால்ஃப், 1943 ஏப்ரலில் ஒரு விமான ஆலைக்குச் சென்று, அங்கே வதைமுகாம் கைதிகள் வேலை வாங்கப்படும் முறையைக் கண்டு, அதையே வி-2 உற்பத்திக்கும் பரிந்துரைத்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானங்கள் பேனமுண்டேயில் குண்டு வீசியதால், உற்பத்தி நார்ட்ஹவுசன் அருகே ஒரு மலையைக் குடைந்த சுரங்கங்களுக்கு மாற்றப்பட, மிட்டல்வெர்க் எனப்பட்ட அந்த நிலத்தடி ஆலையின் உற்பத்தித் தலைவரானார். சுரங்கத்தை விரிவாக்கிய கைதிகள், பல மாதங்கள் அதற்குள்ளேயே, நான்கு தட்டுப் பலகைகளில், வெடித்தூசுக்கு நடுவே உறங்கினர்; பாதியாக வெட்டிய எண்ணெய்ப் பீப்பாய்களே அவர்களுக்குக் கழிப்பிடம். சதிவேலை செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள், ஏவுகணை தூக்கும் பாரந்தூக்கியிலேயே, மற்றவர்கள் கண்முன் தூக்கிலிடப்பட்டனர். இந்தக் கைதிகளை அடைத்திருந்த டோரா வதைமுகாமும் அதன் கிளைகளும் கண்ட சுமார் 60,000 கைதிகளில் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. வி-2 விழுந்து இறந்தவர்களோ அதைவிடக் குறைவு. ருடால்ஃபின் திறமையைப் பேசும் எந்த நூலும் இந்த எண்ணிக்கையை அடிக்குறிப்பில் ஒதுக்குவது நியாயமன்று.

கேள்வி: போருக்குப் பின் அமெரிக்கா ருடால்ஃபைக் கண்ணை மூடிக்கொண்டா அழைத்தது?

பதில்: இல்லை, தெரிந்தே அழைத்தது. ஜெர்மன் அறிவியலாளரைத் தன் பணிக்குக் கொண்டுவந்த 'பேப்பர்கிளிப்' திட்டத்தின்போது, அவரைத் தீவிர நாஜி என்றும், காவலில் வைக்கத்தக்கவர் என்றும் 1945-ஆம் ஆண்டுக் குறிப்பொன்று மதிப்பிட்டிருந்தது. சோவியத் போட்டி அந்தக் குறிப்பை வென்றது. 1954-இல் குடியுரிமையும் கிடைத்தது.

கேள்வி: பிறகு தண்டனை?

பதில்: எந்த நீதிமன்றமும் அவரைத் தண்டிக்கவில்லை. நாஜிக் குற்றங்களை ஆராய அமெரிக்க நீதித்துறை 1979-இல் அமைத்த பிரிவு 1982-இல் விசாரித்தபின், நாட்டைவிட்டு வெளியேறிக் குடியுரிமையைத் துறக்க அவர் ஒப்பந்தமிட்டு, 1984-இல் ஜெர்மனி திரும்பினார்; ஓய்வூதியம் தொடர்ந்தது. ஜெர்மன் அரசு வழக்கறிஞர்கள் வழக்குக்குப் போதிய ஆதாரமில்லை என 1987-இல் விசாரணையை முடித்தனர். 1996-இல் ஹாம்பர்க்கில் அவர் இறந்தார். ஒப்பந்தம் வழக்கைத் தவிர்த்ததால், டோராவில் உயிர்தப்பியவர்கள் அமெரிக்க நீதிமன்றத்தில் அவருக்கெதிரே நின்று சாட்சி சொல்லும் வாய்ப்பும் பறிபோயிற்று.