தாத்தாவுக்குப் பதவி இல்லை

போர்க் கல்லறைகளின் கணக்கு வைத்திருக்கும் பெரிய துரைமார்களுக்கு, மலாயாத் தோட்டத்து ரப்பர் தொழிலாளி ஒருவரின் பேரன் கும்பிட்டு எழுதுவது.

தங்கள் தேடல் படிவத்தைத் திறந்தேன். பெயருக்கு அடுத்து பதவி, படைப்பிரிவு, படை எண். தாத்தா பால்மரம் வெட்டியவர். படைப்பிரிவு என்ற இடத்தில் அவர் இருந்த லயத்தைப் போடலாமா? எண் கட்டாயம் உண்டு: விடியற்காலைப் பெரட்டில் ஆளைக் கணக்கெடுக்கும்போது கிராணி செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டைப் பார்த்துக் கூப்பிட்டது. சம்பளம் பிடிக்க அந்த எண் போதுமானதாக இருந்தது, துரைமார்களே.

1943இல் சயாம்–பர்மா ரயில் பாதை போட ஆள் பிடித்தான் ஜப்பான்காரன். சரக்குப் பெட்டியில் ஏற்றினார்கள். தாத்தா திரும்பவில்லை. 415 கிலோமீட்டர் பாதையில் எந்த மைலில் விழுந்தார் என்று சொல்ல ஆளில்லை.

காஞ்சனபுரியில் தாங்கள் பராமரிக்கும் மயானத்தைப் பார்த்தேன். குறை சொல்ல வாய் வராது. வெட்டிய புல், சுமார் 7,000 கல்லறைகள், ஒவ்வொன்றிலும் வெண்கலத் தகடு. பெயர், பதவி, எண், இறந்த நாள், வயது. கீழே வீட்டார் சொல்லியனுப்பிய ஒரு வரி. 1945இல் நேச நாட்டுப் படையின் கல்லறைத் தேடல் குழு பாதை நெடுகக் காட்டுக்குள் போய்த் தேடிய புண்ணியம் அது. அதே பாதையில் வேலை வாங்கப்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஒளித்து வைத்த பட்டியல்கள் கைகொடுத்தனவாம். எங்கள் ஆட்களுக்குப் பட்டியல் எழுத ஒரு அதிகாரி இல்லை. காலரா வந்தபோது குழியில் தள்ளினார்கள், இல்லையேல் கொளுத்தினார்கள். ஆகவே செத்த கைதிகள் 12,000க்கு மேல் என்று பெயர்வாரியாகச் சொல்ல முடிகிறது. ஆசியத் தொழிலாளர்கள் 90,000 என்பார்கள், ஒரு லட்சம் என்பார்கள். எங்கள் பிணங்கள் எப்போதும் முழு எண்ணாகவே சாகின்றன.

அங்கே அந்தப் பாதையின் பாலத்துக்குப் பக்கத்தில் 1944இல் ஜப்பான்காரன் நட்ட நினைவுத்தூணில் தமிழ் வாசகமும் உண்டு. அடித்தவன் எங்கள் மொழியில் துக்கம் கேட்டுவிட்டான். தங்கள் கல்லறைக் கணக்கில் சிப்பாய் போரில் சாகிறான். கூலிக்காரன் சும்மா சாகிறான்.

கல் கேட்கவில்லை. படிவத்தில் "பதவி இல்லை" என்று ஒரு கட்டம் சேர்த்துத் தேடிப் பாருங்கள். கட்டணம் எவ்வளவானாலும் கட்டுகிறேன். ரசீதை மட்டும் தாத்தாவின் பெயருக்குப் போடுங்கள். செக்ரோலுக்குப் பிறகு அவர் பெயர் எந்தத் தாளிலும் ஏறவில்லை.

இப்படிக்கு,
பேரன்