நம்பகமான ஹார்டு டிஸ்க் வாங்குவது எப்படி?

வேலைக் கோப்புகளைக் காப்பாற்ற எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க் வாங்குவது மிக எளிது. முதலில் நிறத்தைப் பாருங்கள். லேப்டாப் பைக்குப் பொருந்தினால் பாதி நம்பிக்கை வந்துவிடும்.

அட்டையில் 1 டிபி என்றிருக்கும். விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். முணுமுணுக்காதீர்கள். விற்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கணினி 1024 ஆக எண்ணுகிறது. நடுவில் காணாமல்போகும் பழக்கத்தை டிஸ்க் முதல் நாளே கற்றுத்தருகிறது.

அடுத்து வாரண்டி. டிஸ்க் செத்தால் புதியது கிடைக்கும், காலியாக. இரண்டு வருட உழைப்பின் பாரமில்லாமல் வாழ்க்கையைத் தொடங்க இதைவிட நல்ல வாய்ப்பு ஏது?

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்பது வல்லுநர் விதி. நாமும் மூன்று பிரதிகள் வைக்கிறோம்: ‘பைனல்’, ‘புது பைனல்’, ‘இதுதான் பைனல்’. மூன்றும் ஒரே டிஸ்க்கில். அந்த டிஸ்க்கும் லேப்டாப் பையிலேயே இருப்பதால் திருடனுக்கு இரண்டாவது நடை மிச்சம்.

வாங்கிய டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து எடுக்கவும் நல்ல நாள் உண்டு. மார்ச் 31, உலக பேக்கப் தினம். அன்று வேலையாக இருந்தால் கவலை வேண்டாம். மறுநாளும் நமக்கான தினம்தான்.