போயிட்டு வரேன்

நம் வீடுகளில் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்ப முடியாது. வாய்தவறிச் சொல்லிவிட்டால், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு அம்மா வாசலுக்கு ஓடிவந்து, 'போயிட்டு வரேன்னு சொல்லுடா' என்று திருத்துவாள். இதை எங்கள் வீட்டில் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்த ஒரே ஜீவன், கூடத்து மூலையில் இருக்கும் கம்ப்யூட்டர். ஷட் டவுன் கொடுத்தால் போகும். பத்து நிமிடத்தில் வந்துவிடும்.

கரண்ட் பில் வந்தபோதுதான் சங்கதி வெளியே வந்தது. இரண்டு மாதக் கணக்கு 512 யூனிட். ஐந்நூறைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை என் அப்பாவைப்போல் யாரும் விளக்க முடியாது. தாண்டிய 12 யூனிட்டோடு போகாது. 101-லிருந்து 200 வரை உள்ள நூறு யூனிட்டுக்கும் விலை இரட்டிப்பாகிவிடும். ஆகக்கூடி முந்நூறு ரூபாய்க்கு மேல் தண்டம். அப்பா அந்த வெள்ளை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, வீட்டில் கொலை நடந்துவிட்ட முகத்தோடு எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

அன்று ராத்திரி இரண்டு மணிக்குப் பாத்ரூம் போக எழுந்தவர் கண்ணில் அந்த நீல விளக்கு பட்டது. மானிட்டர் இருட்டாக இருந்தது. ஆனால் சிபியு என்று நாங்கள் எல்லோரும் தவறாகக் கூப்பிடும் அந்தப் பெட்டி மட்டும் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. காலையில் பேரனுக்கு விசாரணை.

"ராத்திரி பூரா கேம் ஆடறியாடா?"

"இல்ல தாத்தா. ஒம்பதே முக்காலுக்கே ஷட் டவுன் பண்ணிட்டேன்."

ஒன்பதாம் வகுப்புப் பையன் சொல்வதை யார் நம்புவார்கள்? நானும் நம்பவில்லை. ஒரு வாரத்துக்கு அவன் கையில் போன் தரக்கூடாது என்று தீர்ப்பாயிற்று.

சுவரில் இருக்கும் ஸ்விட்சை அணைத்துவிட்டால் தீர்ந்ததே என்று கேட்பீர்கள். ராத்திரி பத்து மணிக்குக் காஸ், குழாய், கேட், ஸ்விட்சு என்று ரோந்து போகும் அப்பாவுக்கு இது தோன்றாமலா இருக்கும்? ஆனால் அந்த ஸ்விட்சில் இருப்பது யுபிஎஸ். 'அது எப்பவும் சார்ஜ்லயே இருக்கணும் சார், அணைச்சீங்கன்னா பேட்டரி போயிரும்' என்று விற்றவர் சொல்லியிருந்தார். வீட்டில் அப்பா தொடாத ஸ்விட்ச் அது ஒன்றுதான். ஒவ்வொரு ராத்திரியும் அதன் முன்னால் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார்.

மூன்றாம் நாள் பையன் சவால் விட்டான். "நீங்களே ஆஃப் பண்ணுங்க. பண்ணிட்டு உக்காந்து பாருங்க." உட்கார்ந்தேன். 'ஷட்டிங் டவுன்' என்ற எழுத்தும் அதற்கு மேல் வட்டமாகச் சுற்றும் புள்ளிகளும். யோசித்துப் பாருங்கள், ஷட் டவுன் கொடுத்துவிட்டு அணைகிறதா என்று யாராவது உட்கார்ந்து பார்த்ததுண்டா? பட்டனை அழுத்தியதும் எழுந்து சாப்பிடப் போய்விடுவோம். நான் பார்த்தேன். கொட்டாவி விட்டேன். தலை ஒரு பக்கமாகச் சாயும் நேரத்தில் பளிச்சென்று நீலத்திரை, அதில் உதட்டைப் பிதுக்கிய ஒரு முகம். கீழே ஏதோ பொடி எழுத்து. மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் அது மறைந்து, பெட்டி தானாகவே மறுபடி கிளம்பி, ஒன்றுமே நடக்காததுபோல் பாஸ்வேர்டு கேட்டது.

போன் அன்றே பையனிடம் திரும்பிப் போயிற்று. மன்னிப்பெல்லாம் கேட்பது எங்கள் குடும்ப வழக்கமில்லை. "சரி, போய்ப் படி" என்றார் அப்பா. அதுதான் மன்னிப்பு.

பிறகு மெக்கானிக் வந்தார். சட்டை கசங்காத இளைஞர். நான் சொல்லி முடிப்பதற்குள் "ஃபார்மட் அடிச்சிரலாம் சார்" என்றார். எந்தக் காய்ச்சலுக்கும் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவதைப்போல, இவர்களுக்கு எந்த வியாதிக்கும் ஃபார்மட். 'அதற்கு முன்னால் ஏதாவது இருக்கிறதா' என்று கெஞ்சியதால் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு விரல் கனத்துக்குத் தூசியும் இரண்டு பல்லி முட்டையும். வாயால் ஊதினார், எல்லாம் என் முகத்துக்கு வந்தது. ராமைப் பிடுங்கி, "பசங்க அழிக்கிற ரப்பர் இருக்கா?" என்றார். பையன் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து கொடுத்தான். ராமின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் தங்க நிறப் பற்களை, பாட்டி பல்பொடி தேய்க்கும் பக்குவத்தில் மேலும் கீழுமாகத் தேய்த்தார். துகளைத் தட்டினார், பழைய இடத்தில் 'டக்'கென்று அழுத்தினார். "காண்டாக்ட் லூஸ் சார். இனிமே வராது." ஐந்நூறு ரூபாய். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் வந்துவிட்டது.

இந்த ரப்பர் வைத்தியத்தை நான் கேலி செய்யவில்லை. பெட்டி கிளம்பவே மறுத்தால் பல சமயம் அது பலிக்கும். எங்கள் பெட்டிக்குக் கிளம்புவதில் ஒரு குறையும் இல்லை. அடங்குவதுதான் வரவில்லை.

இதைப் பார்த்தபோது எனக்கு விண்டோஸ் 98 காலத்து ஞாபகம் வந்தது. அப்போது ஷட் டவுன் கொடுத்தால், 'இனிமேல் கம்ப்யூட்டரை அணைக்கலாம், பயமில்லை' என்ற அர்த்தத்தில் கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்து வரும். நாம் எழுந்து போய் விரலால் அமுக்கி அணைக்க வேண்டும். அணைத்தது அணைந்தே கிடக்கும். ஏடிஎக்ஸ் என்ற பவர் சப்ளை அமைப்பு 1995-இல் வந்து, மென்பொருளே மின்சாரத்தை நிறுத்தலாம் என்று ஆனபிறகுதான் விரலுக்கு வேலை போயிற்று. வம்பும் அங்கேதான் ஆரம்பம். விண்டோஸ் 98-இன் இரண்டாம் பதிப்புக்கு, ஒழுங்காக அணைய வைப்பதற்கென்றே தனியாக ஒரு மருந்து வெளியிட வேண்டியிருந்தது.

நானே துப்பறிவதென்று முடிவெடுத்தேன். ஈவன்ட் வியூவர் என்று ஒன்று இருக்கிறது, கம்ப்யூட்டரின் நாட்குறிப்பு. அதைத் திறந்தால் வீட்டில் இத்தனை விபத்து நடந்திருக்கிறதா என்று பயம் வரும், எல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும். தேதியை வைத்துத் தேடினேன். போனைப் பிடுங்கிய நாளுக்கு முந்தைய ராத்திரி, 9:46-க்கு 1074 என்ற எண்ணில் ஒரு பதிவு: பையனின் பெயரில், அணைக்கச் சொல்லி உத்தரவு. சாட்சி சொல்ல மூன்று நாள் காத்திருந்திருக்கிறது, பாவம். பத்து நிமிடம் கழித்து, 'முறையாக அணையாமல் மறுபடி கிளம்பினேன்' என்று கெர்னல் பவர் 41. அதன் உள்ளே 159 என்று ஓர் எண். அதற்குப் பெயர் 'டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்'.

"டிரைவர் சரியில்லையாம்ப்பா" என்றேன்.

"நமக்கு ஏதுடா டிரைவர்?"

ஒவ்வொரு கருவியையும் ஓட்டும் மென்பொருள்தான் இந்த டிரைவர் என்பதைக் கல்யாண வேனை வைத்துத்தான் விளக்க வேண்டியிருந்தது. மண்டபத்திலிருந்து வேன் கிளம்ப வேண்டும். தலை எண்ணுகிறார்கள். பிரிண்டர் வந்தாச்சா, வந்தாச்சு. கேமரா? வந்தாச்சு. ஒருத்தர் மட்டும் தாம்பூலப் பை வாங்கப் போனவர் பதிலே இல்லை. அவர் குரல் கொடுக்காமல் வண்டியை எடுக்க முடியாது. எவ்வளவு நேரம்தான் காத்திருப்பது? ஒரு கட்டத்தில் ஆத்திரம் தலைக்கேறி எல்லோரையும் இறக்கிவிட்டுவிடுகிறார்கள். அதுதான் நீலத்திரை. இப்படி விழுந்தால் தானாக எழுந்துகொள் என்று விண்டோஸில் ஒரு டிக் ஏற்கெனவே போட்டே வருகிறது. அதனால் வண்டி மறுபடி மண்டப வாசலிலேயே நிற்கிறது, இன்ஜின் ஓடிக்கொண்டு. ராத்திரிக்கு அரை யூனிட் என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு முப்பது.

"அந்த ஒருத்தன் யாரு?" என்றார் அப்பா.

நல்ல கேள்வி. முதலில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைச் சந்தேகப்பட்டேன். விண்டோஸ் 8-இல் 2012-இல் வந்தது அது. காலையில் சீக்கிரம் எழ வேண்டும் என்பதற்காக, அணைக்கச் சொன்னால் முழுசாக அணையாமல் பாதியை வட்டில் எழுதி வைத்துக்கொண்டு கோழித்தூக்கம் போடும். அதை நிறுத்தினேன். பலனில்லை. பிறகு ஒவ்வொரு ராத்திரியும் ஒரு சொந்தக்காரரைக் கழற்றிவிட்டுச் சோதனை. பிரிண்டரைப் பிடுங்கினேன், அணையவில்லை. கேமராவைப் பிடுங்கினேன், அணையவில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் பத்து நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்பா நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் ராத்திரி வெள்ளரிப்பிஞ்சு நறுக்கிக்கொண்டு என் மனைவியும் வந்துவிட்டாள்.

நான்காம் ராத்திரி, பெட்டியின் பின்பக்கம் கைவிட்டுத் தடவியதில் விரல் நகம் அளவுக்கு ஒன்று தட்டுப்பட்டது. வைஃபை டாங்கிள். ரவுட்டரை மாடிக்கு மாற்றியபோது இருநூற்று ஐம்பது ரூபாய்க்கு வாங்கியது. அது வந்த அட்டைப்பெட்டிமேல் கம்பெனி பெயர்கூடக் கிடையாது. கூடவே உள்ளங்கை அளவில் ஒரு குட்டி சிடி தந்திருந்தார்கள். அதைப் போட எங்கள் கம்ப்யூட்டரில் சிடி டிரைவ் இல்லாததால், எங்கிருந்தோ ஒரு பழைய டிரைவரை இறக்கி நான்தான் போட்டேன். இந்த இடத்தில் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை.

பிடுங்கினேன். ஷட் டவுன். புள்ளிகள் நாலு சுற்றுச் சுற்றின. ஃபேன் சத்தம் இறங்கி இறங்கி நின்றது. நீல விளக்கு அணைந்தது. கூடத்தில் அப்படியொரு அமைதி. சுவர்க் கடிகாரம் டிக் டிக்கென்று ஓடுவது அன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. திரும்பி வருகிறதா என்று இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம்.

இப்போது மாடியிலிருந்து சன்னல் வழியாக, சாமி அலமாரிக்கு மேலாக, கிளிப் அடித்து லேன் வயர் வருகிறது. டாங்கிளைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. பழைய சார்ஜர்களோடு டப்பாவில் கிடக்கிறது.

அடுத்த பில் போன வாரம் வந்தது. வெயில் காலம், 506. அப்பா அட்டையைப் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தார். அது சத்தமில்லாமல் இருந்தது. பார்வை மெதுவாகச் சமையலறைப் பக்கம் திரும்பியது.

"ராத்திரியில எல்லாரும் தூங்கும்போது இந்த ஃபிரிட்ஜுக்கு என்னடா வேலை?"