இளவரசி ஓட்டிய ஜாதி

பிரிட்டனின் ரிலையன்ட் நிறுவனம் 1968இல் வெளியிட்ட சிமிட்டார் ஜி.டி.இ. என்னும், பந்தய வேகமும் பின்புறத்தில் மூட்டை ஏற்றும் விசாலமும் ஒருங்கே வாய்ந்த காரை விற்க முன்வரும் கனவான்கள், ஆன் இளவரசி ஓட்டிய ஜாதி என்றும், கண்ணாடி இழை உடலாதலால் துருவே பிடியாதென்றும் வர்ணிக்கையில், அதைத் தாங்கும் அடிச்சட்டம் சாட்சாத் இரும்பு என்பதை மறந்துவிடுவது வியாபார தர்மம் போலும். எறையூர்ச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பேற்றிச் செல்லும் டிராக்டரின் பின்னே சாவதானமாக ஊர்வதற்கு மூன்று லிட்டர் எஞ்சின் அத்தியாவசியம் என்று கருதும் அன்பர் எவரேனும் இருப்பின், தாராளமாக வாங்கட்டும்; பணத்தை எண்ணிக் கொடுக்குமுன், வண்டிக்கடியில் ஒருமுறை படுத்துப் பார்க்கும்படி மட்டும் பிரார்த்திக்கிறேன்.