வெள்ளைத் தங்க மோதிரம்: அணிவோர் கவனத்துக்கு

லண்டனிலிருந்து வந்த அக்கா மகள் பழைய மோதிரம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாளா? வெள்ளைத் தங்கம், நடுவில் சிவப்புக் கார்னெட்? எனக்கும் அப்படித்தான் வந்தது. பட்டவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாண வீட்டில் விரலை நீட்டிப் பேசாதீர்கள். பேசினால் "வெள்ளியா?" என்பார்கள். தங்கம் என்றால் "பின்னே ஏன் வெளுத்துப்போச்சு?" என்று பரிதாபப்படுவார்கள். உள்பக்கம் குத்தியிருக்கும் 750 முத்திரையைக் காட்டிப் பிரயோஜனம் இல்லை. 916 பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஃபெயில் மார்க். 1000 பங்கில் 750 தங்கம், மிச்சத்தில் இருக்கிற நிக்கலோ பல்லேடியமோ மஞ்சளை அடித்துவிட்டது என்று நீங்கள் விளக்குவதற்குள் சித்தப்பா பந்திக்கு எழுந்துவிடுவார். முதல் உலகப் போரில் பிளாட்டினம் வெடிமருந்துத் தொழிலுக்குப் போய்விட, நகைக்காரர்கள் இந்தக் கலவையைப் பிடித்துக்கொண்ட கதையை யாருக்கும் சொல்லவே வேண்டாம்.

கல் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை. நம் கோமேதகமும் கார்னெட் குடும்பம்தான் என்று அறிவைக் காட்டினீர்களோ, போச்சு. கோமேதகம் ராகுவுக்கு உரியது. உங்கள் ஜாதகத்தில் ராகு எங்கே என்று அத்தை கேட்பார். கழற்ற வைக்காமல் விடமாட்டார். அது தேன் நிறம், இது மாதுளை முத்து நிறம் என்று பின்வாங்கினால், "அப்ப மாணிக்கமா?" என்பார். ஆமாம் என்று சொல்லிவிடுவது நிம்மதி. இன்ஜினியரிங் படிக்கும் மருமகன் வரும்வரை அந்த நிம்மதி நிற்கும். என் வீட்டில் அவன் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் தெர்மாகோல் துண்டை மிதக்கவிட்டு, அதன்மேல் மோதிரத்தை வைத்து, நியோடிமியம் காந்தத்தைக் கல்லின் பக்கமாகக் கொண்டுவந்தான். தெர்மாகோல் மெல்ல நகர்ந்து காந்தத்தை நோக்கி வந்தது. கார்னெட்டில் இரும்பு உண்டு. மாணிக்கம் இந்த வேலையெல்லாம் செய்யாது. அத்தை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

விரலுக்குப் பெரிதாக இருந்தால் நூல் சுற்றிக்கொள்ளுங்கள். நான் தெரிந்த பத்தரிடம் கொடுத்தேன். அடியில் வெட்டி, வழக்கம்போல மஞ்சள் பொன்னை வைத்துப் பற்றவைத்துவிட்டார். வெள்ளை வளையத்தில் எலுமிச்சைத் தோல் ஒட்டினாற்போல ஒரு கோடு. நல்லவேளை, ஊதுமுன் கல்லைக் கழற்றிவிட்டார். திடீர்ச் சூடு கார்னெட்டுக்கு ஆகாது.

மேலே இருக்கும் ரோடியம் பூச்சு தேய்ந்தால் மோதிரம் லேசாக மஞ்சள் தட்டும். உடனே பூச்சு போட ஓடாதீர்கள். சொந்தக்காரர்கள் நம்ப ஆரம்பிப்பதே அப்போதுதான்.

இட்லி மாவு கரைக்கும்போது கழற்றி வையுங்கள். கல்லைப் பிடித்திருக்கும் கால்களுக்கு அடியில் மாவு போய் உட்கார்ந்தால் சோப்புத் தண்ணீரும் பழைய டூத்பிரஷும்தான் கதி.

அடகுக் கடைக்கு மட்டும் போகவே போகாதீர்கள். நான் போனேன். பெரியவர் உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்தார். கறுப்புக் கல்லில் வெள்ளைக் கோடு. ஒரு சொட்டுத் திராவகம் விட்டார். வெள்ளியென்றால் கரைந்திருக்கும், கோடு அப்படியே நின்றது. கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு முறை உரைத்தார். கோடு மறுபடியும் நின்றது.

"தங்கம்தான் சார்" என்றார் வருத்தமாக. "மஞ்சளா ஏதாச்சும் இருந்தா கொண்டாங்களேன்."